நற்சான்றும் நியமன ஆணையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கழகம் தொடங்கப்பெற்ற நாளில் நம் பெற்றோர் கேட்ட கேள்வி, "பையன் பத்தாவது தேறுவானா?" என்பதுதான். இன்று கேட்கப்படும் கேள்வி வேறு. "பட்டம் பெற்றுவிட்டான், நேர்முகத் தேர்வும் நன்றாக முடிந்ததாம், ஆனால் வேலை இன்னும் கைக்கு வரவில்லையே, ஐயா!" என்கிறார்கள். நேர்முகத் தேர்வு முடிவதற்கும் நியமன ஆணை கைக்கு வருவதற்கும் இடையே உள்ள அந்தச் சில வாரங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அந்த இடைவெளியில்தான், "உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம்? இரண்டு பேருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் தாருங்கள்" என்று நிறுவனத்தார் கேட்பார்கள். இதனை 'ரெபரன்ஸ்' என்பர். இவ்விசாரணை தன்னளவில் தவறானதன்று. மதிப்பெண் பட்டியல் ஒருவர் பெற்ற மதிப்பெண்ணைச் சொல்லும். அவர் நேரத்திற்கு வருவாரா, பணத்தில் நாணயமானவரா என்பதைச் சொல்லாது. அதை உடன் பணியாற்றியவரிடம் கேட்பது இயல்பே. ஆனால் எழுத்து மூலமாக எதுவும் தருவதற்கு முன்பே, நீங்கள் இப்பொழுது வேலை பார்க்கும் இடத்திலேயே விசாரிக்க முற்படும்பொழுது ஆபத்து தொடங்குகிறது.

நம்மிடம் படித்து வணிகவியல் பட்டம் பெற்ற ஓர் இளைஞர், நகரத்து நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். வேறொரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். "கிட்டத்தட்ட உங்களுக்குத்தான்" என்று தொலைபேசியில் சொல்லி, மேலாளரின் எண்ணைக் கேட்டார்கள். அவரும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டார். மறுநாளே விசாரணை சென்றது. "போவதென்று முடிவு செய்தவருக்கு இனிப் பொறுப்பான வேலை எதற்கு?" என்று கூறி, அவர் பார்த்துவந்த கணக்குகளை மேலாளர் வேறொருவரிடம் ஒப்படைத்தார். இரண்டு வாரம் கழித்துப் புதிய நிறுவனத்தார், அந்த இடத்தை இவ்வாண்டு நிரப்பப் போவதில்லை என்று தெரிவித்தனர். அடுத்த மூன்று மாதங்களுக்குள் அவர் பழைய வேலையையும் விட வேண்டியதாயிற்று. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 'கிட்டத்தட்ட' என்ற சொல்லுக்கு எவரும் சம்பளம் தருவதில்லை.

இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகாதே என்பது எல்லோருக்கும் பொதுவான பழமொழிதான். ஆயினும் நமக்கு அது கூடுதலாகப் பொருந்தும். வேலை போனால் சாய்ந்து கொள்ள மாமன் கடையோ, தாத்தா நிலமோ நம்மில் பலருக்கு இல்லை. கல்விக் கடனின் தவணையும் தங்கையின் படிப்பும் அந்த ஒரு சம்பளத்தையே நம்பியிருக்கின்றன.

மற்றொன்றும் உண்டு. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு, சமமான தகுதியைக் காட்டிப் பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். முடிவு 2007 ஆம் ஆண்டு வெளியாயிற்று. மேல்சாதிப் பெயரைத் தாங்கிய விண்ணப்பத்தோடு ஒப்பிட, தலித் பெயரைத் தாங்கிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவாகவே இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றையே பார்ப்பதாகக் கூறிய முதலாளிகள் பலரும் விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி'யையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தனர். விசாரணை என்னும் வாயில் வழியாக நாணயம் பற்றிய கேள்வியும் நுழையலாம். பிறப்பைப் பற்றிய கேள்வியும் நுழையலாம். ஆகவே யாரிடம், எப்பொழுது விசாரிக்கலாம் என்பதை முடிவு செய்வதில் உங்களுக்கும் பங்கு இருத்தல் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறிதல். நேர்முகத் தேர்வில் பாராட்டியது ஒரு படி. தொலைபேசியில் வாக்களித்தது ஒரு படி. "விசாரணை நிறைவாக முடிந்தால்" என்ற நிபந்தனையோடு பதவி, சம்பளம், சேரும் நாள் ஆகியவற்றை எழுதித் தருவது அடுத்த படி. நிபந்தனைகள் நிறைவேறியபின் வருவதே உறுதியான நியமனம். மூன்றாம் படிக்கு முன் இப்பொழுதைய மேலாளரின் எண்ணைத் தர வேண்டியதில்லை. நான்காம் படிக்கு முன் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, மறுக்கும் முறை. எண்ணைத் தர முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது நன்றன்று. இவ்வாறு எழுதலாம்: "நான் வேறு பணி தேடுவது இப்பொழுதைய நிறுவனத்தாருக்குத் தெரியாது. தாங்கள் எழுத்து மூலம் பணி அளித்தபின் அவர்களிடம் விசாரிப்பதில் எனக்குத் தடையில்லை. அதுவரை, முன்பு என் பணியை மேற்பார்வையிட்ட இருவருடைய பெயர்களைத் தருகிறேன்." இதில் பணிவும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. நியாயமான நிறுவனம் இதனைப் புரிந்துகொள்ளும். புரிந்துகொள்ள மறுத்தால், அந்த வேலைக்காக இந்த வேலையைப் பணயம் வைக்கலாமா என்பதை வீட்டாரோடு கலந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, யார் பெயரைத் தருவது? முன்பு பணிபுரிந்த இடத்து மேலதிகாரி, நம் நிறுவனத்திலிருந்து விலகிச் சென்ற மூத்த ஊழியர், கல்லூரிப் பேராசிரியர் ஆகியோர் தக்கவர்கள். உறவினர் வேண்டாம். ஊரில் பெரிய மனிதர் என்பதற்காக, உங்கள் வேலையை அறியாத ஒருவரின் வாசலில் போய் நிற்கவும் வேண்டாம். பெயரைத் தருவதற்கு முன் அவரிடம் அனுமதி பெறுங்கள். எந்தப் பதவி, எந்த நிறுவனம், எப்பொழுது அழைப்பு வரும் என்பதைச் சொல்லி, உங்கள் தன்விவரக் குறிப்பின் படி ஒன்றையும் கொடுத்து வையுங்கள். திடீரென்று அழைப்பு வந்தால் நல்லவரும் தடுமாறுவார்.

நான்காவது, ஆள் சொல்ல வேண்டியதைத் தாளும் சொல்லும். பழைய நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், அனுபவச் சான்றிதழ், படிவம் 16, வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி விவரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்திருங்கள். இவை மேலாளருக்குத் தெரியாமலே உங்கள் பணிக்காலத்தை மெய்ப்பிக்கும். நகல்களைக் கொடுங்கள், மூலச் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற்று வாருங்கள். சரிபார்ப்புக் கட்டணம் என்று எவரேனும் பணம் கேட்டால் அது மோசடி என்று ஐயுற்று விலகுங்கள்.

ஐந்தாவது, உண்மை. காலம் தாழ்த்திச் சொல்வது வேறு, மறைப்பது வேறு. ஆறு மாதம் பார்த்த வேலையை ஓராண்டு என்று எழுதாதீர்கள். 2014 ஆம் ஆண்டு முதல் வருங்கால வைப்பு நிதிக்கு ஒருவருக்கு ஒரே பொது எண் என்ற முறை நடைமுறையில் உள்ளது; எங்கே சேர்ந்தோம், எப்பொழுது விலகினோம் என்பது அதில் வரிசையாக நிற்கும்.

அரசுப் பணிக்குச் செல்வோர் இதனை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். அங்கே காவல்துறை வழியாக முன்நடத்தை விசாரணை உண்டு. கைது, வழக்கு, தண்டனை, விடுதலை பற்றிப் படிவத்தில் கேட்பார்கள். தெருவில் ஏற்படும் தகராறுகளில், பக்கத்தில் நின்ற நம் பிள்ளைகளின் பெயரும் வழக்கில் சேர்ந்துவிடுவதுண்டு. "விடுதலையாகிவிட்டோமே, எழுதுவானேன்?" என்று விட்டுவிடாதீர்கள். அவதார் சிங் வழக்கில் 2016 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இவ்விவரங்களை மறைக்காமல் உண்மையாகத் தர வேண்டும் என்று கூறிற்று. இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு விவகாரத்தை மறைத்திருந்தால் வேலை தருவோர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், உண்மையைச் சொன்னாலும் முன்நடத்தையை எடைபோடும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. உண்மை வேலையை உறுதி செய்துவிடாது. ஆனால் பொய் கிடைத்த வேலையையும் பறித்துவிடக்கூடும். ஆகவே முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு ஆகியவற்றின் நகல்களைப் பெற்றுக் கோப்பில் சேருங்கள்.

நற்சான்று சொல்லும் இடத்தில் இருப்போருக்கும் ஒரு சொல். பழைய மாணவர்களைப் பற்றி நமக்கு அவ்வப்பொழுது அழைப்புகள் வருகின்றன. ஒருமுறை விசாரித்தவர் படிப்பு, ஒழுக்கம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பையன் எந்த ஆளுங்க, சார்?" என்றார். "நல்ல ஆள்" என்று விடையளித்தோம். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்த மாணவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அக்கேள்விக்கு வேறு விடை நம்மிடம் இல்லை.

1920 ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் விட்ட படிப்பைத் தொடர மீண்டும் லண்டன் சென்றபொழுது, கொலம்பியாவில் அவருக்குக் கற்பித்த பேராசிரியர் செலிக்மன், லண்டனிலிருந்த பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்கு அவரைப் பற்றிக் கடிதம் எழுதினார். அருகிலிருந்து உழைப்பைக் கண்ட ஆசிரியர் ஒருவர், தாம் அறிந்ததைச் சொன்ன கடிதம் அது. நமக்கு வேண்டியதும் அத்தகைய சான்றே.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நம்மிடையே ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பொறியாளர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக் காலங்களில் நம் பிள்ளைகளுக்குத் தங்கள் மேற்பார்வையில் பயிற்சி அளிக்க இசைவோரின் பட்டியல் ஒன்றைக் கழகம் தயாரிக்கட்டும். பயிற்சியில் கண்ட உழைப்பையும் ஒழுங்கையும் அவர்கள் பின்னர் மனச்சான்றோடு சொல்லட்டும். காணாததைச் சொல்ல வேண்டாம். இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளைப் படிக்க வைத்த கழகம், இனி அவர்களுக்காகச் சாட்சி சொல்லவும் முன்வர வேண்டும்.

இளைஞர்களே! பணிவாக இருங்கள், உண்மையாக இருங்கள், ஆனால் ஆணை கைக்கு வரும் முன்னே இருக்கும் இடத்தை விட்டு எழுந்துவிடாதீர்கள்.