நான்கு சதுரத்தில் ஒரு கிராமத்தின் மகசூல்

(தர்மபுரி ஜில்லா கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வழக்கு. பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு. ஆகையால் எந்தச் சோற்றை எடுத்து நசுக்கினாலும் போதும். ஆனால் தர்மபுரி ஜில்லாவின் நிலம் அத்தகைய பானையன்று. வாணியாற்று நீர் பாயும் வயலுக்கும் பென்னாகரத்து மேட்டுக் கொல்லைக்கும் உள்ள வேற்றுமை ஒருபுறமிருக்க, ஒரே கிராமத்தில் கிணற்றடிக் கேழ்வரகு செழித்து நிற்கையில், வரப்புக்கு அப்பால் மானாவாரிக் கேழ்வரகு முழங்கால் உயரமும் எட்டாமல் வாடுவதை யாவரும் கண்டிருப்பர். இத்தகைய நிலத்தில் பதம் பார்க்கும் சோற்றை எங்கிருந்து எடுப்பது?

இக்கேள்வியின் விடையைப் பொறுத்துப் பணம் கைமாறுகிறது. 2016ஆம் ஆண்டு ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கடன் பெற்ற அங்கத்தினர் பலர் சங்கத்தின் மூலமாகவே பிரீமியம் செலுத்தி வந்திருக்கின்றனர். நஷ்டஈடு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்காவின் சராசரி மகசூலைக்கொண்டு தீர்மானிக்கப்படும். அச்சராசரியோ சில வயல்களில் செய்யும் பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருவது. கிராமப் பஞ்சாயத்து ஓர் அலகானால், முக்கியப் பயிர் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 பரிசோதனைகள் வேண்டுமென்று அத்திட்டத்தின் விதிகள் கூறின.

முற்காலத்தில் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதிகாரி பயிரைக் கண்ணால் பார்த்து, இவ்வருஷம் பத்தணா, பன்னிரண்டணா என்று எழுதிவிடுவார். அம்மதிப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. வேறு வழியோ அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே காணப்பட்டிருந்தது. பீகார்-ஒரிஸ்ஸா மாகாணத்தில் ஹப்பாக் என்னும் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் 1923 முதல் 1925 வரை, விருப்பு வெறுப்பின்றித் தெரிந்தெடுத்த இடங்களில் நெல்லை அறுத்து நிறுத்தார். பின்னர் வங்காளத்தில் பேராசிரியர் மஹலனோபிஸ் 1937 முதல் சணல் பயிருக்கு இம்முறையைக் கையாண்டு, 1941க்குள் அதை மாகாணம் முழுவதற்கும் விரித்தார். மிகச் சிறிய சதுரத்தை அறுத்தால் ஓரத்துச் செடிகளும் உள்ளே சேர்ந்துகொண்டு மகசூலை மிகைப்படுத்திக் காட்டும் என்பதை டாக்டர் சுகாத்மே நிரூபித்தார்.

இப்போதைய முறை இது. கிராமத்தின் சர்வே எண்களிலிருந்து சீட்டுக் குலுக்குவது போன்ற எண்பட்டியலைக்கொண்டு வயல் தெரிந்தெடுக்கப்படும். அவ்வயலின் தென்மேற்கு மூலையில் நின்று நீளத்தையும் அகலத்தையும் அடிவைத்து அளந்து, மீண்டும் பட்டியலிலிருந்து இரண்டு எண்கள் எடுக்கப்படும். அத்தனை அடி நீளத்திலும் அத்தனை அடி அகலத்திலும் சென்று நிற்குமிடமே சதுரத்தின் மூலை. நெல், கேழ்வரகு போன்றவற்றிற்குச் சதுரம் 5 மீட்டருக்கு 5 மீட்டர்; அதாவது ஹெக்டேரில் 400ல் ஒரு பங்கு. கயிற்றுக்குள் வேரூன்றிய செடி கணக்கில் சேரும். வெளியே முளைத்து உள்ளே சாய்ந்த கதிர் சேராது. அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து, ஈரம் போக உலர்ந்த எடையும் கணக்கிடப்படும்.

இங்கேதான் சோதனை வருகிறது. கயிறு கட்டும் இடத்தில் பயிர் சோர்ந்திருந்தால், "இங்கே என்ன இருக்கிறது, அதோ அந்தப் பக்கம் வாருங்கள்" என்று நிலச்சொந்தக்காரரே அழைப்பதுண்டு. அது கிராமத்தாரின் பெருந்தன்மைதான். விருந்தினருக்கு நல்ல பலாச்சுளையை எடுத்து வைக்கும் அதே குணம். அதன் விலையை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். நான்கு சதுரங்களில் 7, 5, 3, 5 கிலோ கேழ்வரகு கிடைத்ததாக வைத்துக்கொள்க. சராசரி 5 கிலோ. 400ஆல் பெருக்க, ஹெக்டேருக்கு 2,000 கிலோ. உத்தரவாத மகசூல் 2,400 கிலோவானால் குறைவு 400 கிலோ. காப்பீட்டுத் தொகையில் ஆறில் ஒரு பங்கு கிடைக்கவேண்டும். ஏக்கருக்குத் தொகை 12,000 ரூபாயானால் ஈடு 2,000 ரூபாய். மூன்று கிலோ விளைந்த சதுரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து ஏழு கிலோ விளையும் மூலைக்கு நகர்த்தினால் சராசரி 6 கிலோ, மகசூல் 2,400. ஊரில் பிரீமியம் கட்டிய ஒருவருக்கும் ஒரு காசு வராது. ஒரு கயிறு முப்பது அடி நகர்ந்ததே காரணம்.

அப்படியானால் மோசமான இடத்துக்கே நகர்த்திவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது பொய்க்கணக்கு என்பதோடு, பின்னால் வந்து கடிக்கவும் செய்யும். உத்தரவாத மகசூலானது முந்தைய ஏழு வருஷங்களில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து கணிக்கப்படுவது. மெய்யான விளைச்சலைக் குறைத்துக் காட்டும் பழக்கம் வருஷந்தோறும் தொடர்ந்தால் அந்தச் சராசரியே தாழ்ந்து, உண்மையான வறட்சி வரும் வருஷத்தில் குறைவு குறைவாகவே தோன்றாது.

சதுரங்கள் நான்கு போதுமா என்னும் ஐயம் நியாயமானது. சீட்டு விழுந்த இடத்தில் அறுத்தாலும், தற்செயலாக நல்ல இடங்களே அமைந்துவிடக்கூடும். அப்பிழையைப் பாதியாக்கச் சதுரங்களை நான்கு மடங்காக்க வேண்டும். நான்கு பதினாறாகும், ஆட்செலவும் அவ்வாறே ஏறும். ஆனால் தற்செயலான பிழை ஒருமுறை கூட்டினால் மறுமுறை குறைக்கும். ஆள் பார்த்து நகர்த்திய பிழையோ ஒரே பக்கமே சாயும். பதினாறு சதுரம் அறுத்தாலும் தீராது.

இன்னொன்றையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். இச்சராசரி கிராமத்தைப் பற்றியதே தவிர எந்த ஒருவருடைய வயலைப் பற்றியதும் அன்று. தம் கொல்லை முற்றும் காய்ந்தவரும், பாதி விளைந்தவரும் ஒரே விகிதத்தில்தான் ஈடு பெறுவர். கல்மழை, வெள்ளத்தில் நிலம் மூழ்குதல் போன்ற தனிச்சேதத்திற்கு வேறு வழி உண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் அவ்வயல் தனியே பார்வையிடப்படும்.

அறுவடைப் பரிசோதனைக்கு ஊழியர் வரும் நாளில் சங்கத்தின் சார்பில் இருவர் உடனிருத்தல் உசிதம். சர்வே எண் பட்டியற்படியானதா, அடிகள் தென்மேற்கு மூலையிலிருந்து எண்ணப்பட்டனவா, நிறுத்த எடை அங்கேயே எழுதப்பட்டதா என்ற மூன்றையும் பார்த்து, எடையைச் சங்கப் புத்தகத்திலும் குறித்துக்கொள்ளலாம்.