குழந்தைக்கேது மானக்கேடு?



ஒரு குழந்தை, "இன்னார் என்னிடம் தகாதபடி நடந்தார்" என்று வாய்திறந்து சொல்லிவிட்டால், நம் வீடுகளில் முதற்காரியமாக அக்குழந்தையின் வாயைத்தான் மூடுகிறார்கள். "வெளியில் தெரிந்தால் குடும்ப மானம் என்னாவது?" என்கிறார்கள். மானக்கேடு திருடினவனுக்கா, பறிகொடுத்தவனுக்கா என்று நாம் கேட்கிறோம். குற்றவாளி வீதியில் நெஞ்சு நிமிர்த்தி நடக்க, குழந்தை தலைகுனிவது எந்த ஊர் நியாயம்?

இந்த மானப் பைத்தியத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயப்படுகிறார்கள். டாக்டர் பரிசோதனை என்றால் "கெட்டுப்போனாளா" என்று பார்ப்பதாக எண்ணுகிறார்கள். காயத்துக்கு மருந்து, தொற்றுநோய்க்குத் தடுப்பு, பருவமடைந்த பெண்ணானால் கருத்தடுப்பு, மனதுக்கு ஆறுதல் ஆகியவையே டாக்டரின் முதல் வேலை. சாட்சியம் சேகரிப்பது அத்துடன் சேர்ந்தது. விரல்விட்டுப் பார்க்கும் இழிவான சோதனையைச் சுப்ரீம் கோர்ட்டு 2013இல் கண்டித்தது. 2022இல், அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது.

2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 27ஆவது பிரிவைக் கேளுங்கள். போலீசில் வழக்குப் பதிவாகுமுன்பே பரிசோதனை நடக்கலாம். பெண் குழந்தையைப் பெண் டாக்டரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்க வேண்டும். இதோடு, சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் சிகிச்சை இலவசம். "போலீஸ் கடிதம் கொண்டுவா" என்று விரட்ட யாருக்கும் அதிகாரமில்லை. ஆகையால் கெஞ்சாதீர்கள், உரிமையோடு கேளுங்கள்.

கூடப் போகிறவர்கள் செய்யவேண்டியது என்ன? உடனே புறப்படுங்கள்; சில தடுப்பு மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலிக்கும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் கொண்டுபோங்கள். குளிப்பாட்டிவிட்டாலும், மாதங்கள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். டாக்டர் என்ன செய்வார் என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்; பயமாயிருந்தால் நிறுத்தச் சொல்லலாம் என்றும் சொல்லுங்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பத் துருவிக் கேளாதீர்கள். தாயின் மனமும் நொந்திருக்கும். உறவினர் அவளைத் தூற்றாமல் துணை நிற்க வேண்டும்.

"காயமில்லை" என்று டாக்டர் எழுதினால், குழந்தை பொய் சொன்னதாக அர்த்தமா? இல்லவே இல்லை. பெரும்பாலான குழந்தைகளின் உடம்பில் அடையாளமே தங்குவதில்லை.

வழி தெரியாதவர்கள் 1098க்குப் போன் செய்யுங்கள். "நீ சொன்னதை நம்புகிறோம், உன்மேல் குற்றமில்லை" என்று குழந்தையிடம் முதலில் சொல்லுங்கள். டாக்டர் தரும் எந்த மருந்துக்கும் முன்னால் நீங்கள் தரவேண்டிய மருந்து அதுவேயாகும்.