பொன்னாடை அல்ல, பசிக்குச் சோறு

(பட்டிமன்றத் தலைப்பு: ‘மிகச் சிறந்த மாணவர்களுக்குக் கல்லூரியில் தனிப் படிப்பு தேவையா, தேவையில்லையா?’ ‘தேவையே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, “நல்லாப் படிக்கிற பத்துப் பேரைப் பிரிச்சு உட்கார வெச்சு, அதுக்கு ‘ஆனர்ஸ்’னு பேரும் வெச்சா, மீதி ஐம்பது பிள்ளைகளுக்கு அது அவமானம் இல்லையா?” என்று கேட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியது தட்டியதாகவே இருக்கட்டும். நான் பேசி முடிப்பதற்குள் வட்டியோடு வாங்கிக்கொள்கிறேன். (சிரிப்பு)

ஐயா, ‘ஆனர்ஸ்’ என்றதும் அம்மாவுக்குப் பொன்னாடை ஞாபகம் வந்துவிட்டது. மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்துகிற சமாசாரம் என்று நினைத்துவிட்டார்கள். அது பொன்னாடை இல்லை, சோறு! ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இரண்டு தோசையோடு கை கழுவிடுவான். சின்னவன் ஆறு முடிச்சிட்டு அடுப்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். ஏழாவது தோசையைத் தாய் சின்னவன் தட்டில் போட்டால், மூத்தவனுக்கு அவமானமா? அது பாராட்டு இல்லை ஐயா, பசி தெரிந்து பரிமாறுவது. வயிற்றுக்கு இருப்பது போல அறிவுக்கும் ஒரு பசி உண்டு.

இந்தப் பரிமாறுதல் எப்படி நடக்கும்? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் என்று ஒரு கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் எய்டலாட் என்பவர் 1921-இல் அதற்குத் தலைவராக வந்தார். 1922-இல் ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கினார். கடைசி இரண்டு வருஷம், சின்னச் சின்னக் குழுவாக உட்கார்ந்து, மாணவனே கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அதைவிட அழகு எது தெரியுமா? பாடம் நடத்துகிற ஆசிரியர் பரீட்சை வைக்க மாட்டார். வெளியூரிலிருந்து வேறு அறிஞர்கள் வந்து, எழுத்திலும் நேரிலும் சோதிப்பார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? வாத்தியாரும் மாணவனும் ஒரே கட்சி! இருவரும் சேர்ந்து வெளியே இருந்து வருகிறவருக்குத் தயாராகிறார்கள். நம்ம ஊரிலே வாத்தியார் ஒரு கட்சி, பையன் எதிர்க்கட்சி. (சிரிப்பு, கைதட்டல்) அந்தப் படிப்பு நூறு வருஷம் தாண்டி இன்றும் நடக்கிறது.

“பொது வகுப்புதான் சமத்துவம்” என்றார் எதிரணித் தலைவர். யாருக்குச் சமத்துவம்? எனக்குத் தெரிந்த ஒரு மாணவி. அப்பா செங்கல் சூளையில் வேலை. அறுபது பேர் வகுப்பில் எழுந்து, “சார், இந்தப் பாட்டுக்கு இன்னொரு உரையில வேற பொருள் இருக்கே, எது சரி?” என்று கேட்டது அந்தப் பொண்ணு. “அதெல்லாம் சிலபஸ்ல இல்லை, உட்காரும்மா” என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. அன்றோடு சரி. அந்தப் பொண்ணுக்கு மார்க் குறையவில்லை ஐயா. கேள்விதான் நின்றுபோனது!

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதி வராது. வீடே ஆனர்ஸ் வகுப்பு. சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பாருங்கள். பன்னிரண்டு வயது வரைக்கும் வீட்டிலேயே படிப்பு. சித்தப்பா சர் சி.வி. ராமன். அப்படிப்பட்டவருக்கே அது போதவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். படிக்கும்போதே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை. 1930-இல் பட்டம், 1983-இல் நோபல் பரிசு. நோபல் பரிசுக்காரரின் அண்ணன் பிள்ளைக்கே ஆனர்ஸ் தேவைப்பட்டால், சூளைக்காரர் பெண்ணுக்கு எவ்வளவு தேவை? அவளுக்கு வீட்டில் புத்தக அலமாரி இல்லை. டியூஷன் இல்லை. அவளுக்கு இருக்கிற ஒரே வாசல் கல்லூரி. அதையும் சமத்துவத்தின் பேரைச் சொல்லிச் சாத்துகிறீர்களே! (பலத்த கைதட்டல்)

உடனே எதிரணியில் கேட்பீர்கள், “கணித மேதை ராமானுஜன் என்ன ஆனர்ஸா படிச்சார்?” என்று. படிக்கவில்லை. உங்கள் பொதுப் படிப்பில்தான் படித்தார்! கணக்கில் கரை கண்டவர். மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். அந்தக் காலத்து எஃப்.ஏ. பரீட்சையில் தேறவே இல்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. அப்புறம் அவரைக் காப்பாற்றியது எது? 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன கண்டுபிடித்தீர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேறென்ன ஐயா அது? ஒரே ஒரு மாணவனுக்காக நடந்த ஆனர்ஸ்!

இந்த இடத்தில் எங்கள் அணிக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் ஒரு திட்டம் வெளியிட்டது. நாலாவது வருஷம் ஆராய்ச்சியோடு ஆனர்ஸ் படிக்க வேண்டுமானால், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீத மார்க் வேண்டுமாம். 1913-இல் மார்க் பார்க்காமல் 75 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது 75 மார்க் கொண்டுவா என்கிறார்கள். (சிரிப்பு, கைதட்டல்) இந்த வாசலில் ராமானுஜன் வந்து நின்றால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். நான் கேட்கிற தனிப் படிப்புக்கு மார்க் பட்டியல் மட்டுமே வாசலாக இருக்கக் கூடாது. என்ன கேள்வி கேட்கிறாய், என்ன எழுதியிருக்கிறாய், அதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, கதவு கோணலாக இருந்தால் கதவைத்தான் சரிபண்ண வேண்டும். வீட்டை இடிக்க வேண்டாம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்ட அந்தப் பெண்ணை மறுபடி எழுந்து கேட்கவைக்க, கல்லூரியில் ஓர் அறையும், கேட்பதற்கு ஒரு வாத்தியாரும் வேண்டும். தனிப் படிப்பு தேவையே என்று தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.