பாட்டுக்கும் உறுதி வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே அருளாளர் ஒருவரின் வரலாற்றையோ, சாத்திரப் பொருள் ஒன்றையோ எடுத்து விளக்குவது நமது வழக்கம். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதன்று. இசைத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது, அதனை ஆளும் சட்டம் யாது என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். இது சட்டத்தரணிகளுக்கும் வணிகர்களுக்கும் உரிய பேச்சல்லவா, இந்து இளைஞர் சங்கத்துக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும்.

நமது சங்கத்தின் பிள்ளைகளைப் பாருங்கள். பண்ணிசை பயில்வோர் உளர். மிருதங்கமும் வயலினும் பயில்வோர் உளர். ஊர்க் கோயில்மீது புதிதாகப் பாடல் இயற்றி, மெட்டமைத்து, இறுவட்டாகவும் இணையத்திலும் வெளியிடுவோரும் உளர். இவர்கள் இராகத்தின் ஆரோகண அவரோகணத்தைப் பிழையின்றிச் சொல்லுவார்கள். ஆனால், தாம் கையெழுத்திடும் ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பது யாதென்று கேட்டால் விழிக்கின்றார்கள். காணி உறுதியை நான்கு முறை வாசித்து, நொத்தாரிசிடம் இரண்டு முறை கேட்டு, அதன் பின்னரே கையெழுத்திடும் நமது சமூகம், பாட்டின் உறுதியை வாசியாமலே ஒப்பமிடுகின்றது. இந்தக் குறையை நீக்குவது பற்றியே இன்றைய பேச்சு.

ஊதியம் பேசுவது பழுதா?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். இசை இறைவனுக்குச் செய்யும் தொண்டு. அதற்கு விலை பேசுவது அழகோ என்று மூத்தோர் சிலர் வினவுவர். அவர்கள் உள்ளத்தை யான் மதிக்கின்றேன். ஆயினும் நமது மரபு என்ன சொல்லுகின்றதென்று பார்ப்போம்.

தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென 48 பேரையும், அவர்களுடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்லிலே வெட்டுவித்தான். அவர்களுள் ஒருவர் இறந்தாலும் இடம் விட்டுப் போனாலும், அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அந்த உறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பாடுவிக்கவேண்டும் என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது.

இதனை ஊன்றிக் கவனியுங்கள். எத்தனை பேர், யார் யார், கூலி எவ்வளவு, ஒருவருக்குப் பின் யார் என்பவை அனைத்தும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்திலே தீர்க்கப்பட்டன. பாடுவோரின் பக்தி அதனாலே குறைந்துவிடவில்லை. அவர்களுடைய அடுப்பு எரிந்தது. பாட்டும் நின்றுபோகாமல் நடந்தது. ஆகவே, இசைவாணருக்கு உரியதை எழுத்தில் வைப்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வணிகப் புத்தி அன்று. நம்முடைய பழைய ஒழுங்கே ஆகும்.

ஒரு பாட்டு, பல ஆதனங்கள்

அடுத்து, பாட்டு என்பது ஒரே ஆதனம் அன்று என்பதை அறியவேண்டும். ஒரு வளவிலே நிலம் ஒருவருக்கும், பனைகளின் பலன் இன்னொருவருக்கும், கிணற்றுப் பங்கு மூன்றாமவருக்கும் உரியதாக இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பாட்டும் அப்படியே. சொல்லை இயற்றியவருக்கு ஓர் உரிமை. மெட்டை அமைத்தவருக்கு ஓர் உரிமை. பாடியவருக்கும் பக்கவாத்தியம் வாசித்தவருக்கும் ஓர் உரிமை. பணமிட்டு ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு இன்னோர் உரிமை.

ஓர் எடுத்துக்காட்டு. தேவாரம் எவருடைய தனிச் சொத்தும் அன்று. மூவரும் திருவடி அடைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. யாரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால், இன்று வாழும் ஓர் ஓதுவார் அதே பதிகத்தைப் பாடி ஒலிப்பதிவு செய்தால், அந்தப் பதிவு அவருக்கும் அதனைத் தயாரித்தவருக்கும் உரியது. தேவாரம் பொதுவாயிற்றே என்று சொல்லி அதனைப் பிரதி செய்து விற்க நமக்கு உரிமை இல்லை. பாட்டுப் பொது, பதிவு பொதுவன்று.

நமது நாட்டுச் சட்டம்

இலங்கையில் இப்பொழுது நடைமுறையில் உள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதற்கு முன்னர் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. இன்றைய சட்டத்தில் இளைஞர் நினைவில் வைக்கவேண்டியவை சிலவே.

முதலாவது, பதிப்புரிமை பெறுவதற்கு எங்கும் பதிவு செய்யவேண்டியதில்லை. பாடலை இயற்றிய அப்பொழுதே உரிமை பிறந்துவிடுகின்றது. ஆனால், இயற்றியவர் யாமே என்று காட்டும் சான்று கையில் இருத்தல் நன்று. திகதியிட்ட கையெழுத்துப் பிரதியையும் முதற் பதிவையும் பேணிவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பாடலாசிரியருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும். பாடியவருடைய உரிமையும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருடைய உரிமையும் 50 ஆண்டுகள் நிற்கும். எனவே பாட்டு என்பது பேரப்பிள்ளைகளுக்குச் செல்லும் முதுசொம்.

மூன்றாவது, ஆசிரியருக்கு இருவகை உரிமைகள் உண்டு. பிரதி செய்தல், விற்றல், ஒலிபரப்புதல் முதலியவை பொருள் தரும் உரிமைகள். தம் பெயர் சொல்லப்படவேண்டும், தம் ஆக்கத்தைத் தம் நற்பெயருக்கு ஊறு நேரும்படி சிதைக்கலாகாது என்பவை அறம் சார்ந்த உரிமைகள். முன்னையவற்றை விற்றாலும் பின்னையவை தாமாக நீங்குவதில்லை.

நான்காவது, பொருள் தரும் உரிமையைக் கைமாற்றுவதாயின், அது எழுத்தில் இருத்தல் வேண்டும். இரு தரப்பாரும் கையெழுத்திடவேண்டும். எழுத்திலே குறிக்கப்படாத உரிமை விற்கப்பட்டதாகக் கொள்ளப்படாது. இது எளியவருக்குச் சட்டம் கட்டிய வேலி. இதனை அறிந்தே, கைதேர்ந்த வணிகர் “இன்றுள்ளனவும் இனித் தோன்றுவனவுமான எல்லா வழிகளிலும்” என்று ஒரு வரியைத் தாளிலே சேர்த்துவிடுகின்றனர். அந்த ஒரு வரியிலே வேலி முழுவதும் சரிந்துபோகும்.

பாரதியார் பாடல்கள் பட்ட பாடு

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று எண்ணவேண்டாம். நாம் மேடைதோறும் பாடும் பாரதியார் பாடல்களின் கதையைக் கேளுங்கள்.

பாரதியார் 1921ஆம் ஆண்டு செப்டெம்பரில் மறைந்தார். நூல் அச்சிடும் உரிமை காலப்போக்கில் அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி சி. விசுவநாதனிடம் சேர்ந்தது. ஒலிப்பதிவு உரிமையோ, ஒரு வணிகர் கைக்குச் சென்று, பின்னர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. அவர் தயாரித்த ‘நாம் இருவர்’ என்னும் படத்தில், 1947இல், டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு, டி. கே. எஸ். சகோதரர்கள் தமது ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது, உரிமை எமது என்று செட்டியார் வழக்குக்கு எழுந்தார். மக்கள் கவி என்று நாம் போற்றும் ஒருவரின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்கவேண்டுமோ என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழுந்தனர்.

முடிவு யாவருக்கும் நன்மையாயிற்று. செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். சென்னை அரசாங்கம் 1949இல் பாடல்களின் உரிமையை எடுத்துக்கொண்டு, குடும்பத்தாருக்குப் பணம் அளித்தது. 1955இல் அவை பொதுமக்களுக்கே உரியவை ஆக்கப்பட்டன. இவ்வாறு நடந்திராவிட்டால், அக்காலச் சட்டப்படி கவிஞர் மறைந்து 50 ஆண்டுகள், அதாவது 1971 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இதிலே நாம் கற்கவேண்டியது, ஒருவரையும் பழிப்பதன்று. விலை கொடுத்து வாங்கியவர் தம் சொத்தைக் காக்க முயன்றார். சட்டம் அவருக்கு இடம் கொடுத்தது. வறுமையிலே வாழ்ந்த கவிஞர் மறைந்த பின், அவர் பாட்டிலே எத்தனை உரிமைகள் அடங்கியிருந்தன என்பதை முதலில் உணர்ந்தவர்கள் வணிகர்கள். புத்தகம் மட்டுமே பாட்டின் பயன் என்று மற்றவர் எண்ணியிருந்த காலத்திலே, இசைத்தட்டும் வானொலியும் படமும் வரப்போவதை அவர்கள் கண்டனர். அறியாமையின் விலை அதுவே.

பாடுவோர் பட்ட குறை

இந்தியாவிலே திரைப்பாடல்கள் பற்றிய வழக்கொன்றில், 1977இல், உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றம், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்துப் படத்துக்கெனக் கூலி பெற்று அமைத்த இசைக்குப் படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பிலே நீதியரசர் கிருஷ்ணய்யர், பாடுகின்றவருக்குச் சட்டத்தில் இடமில்லாமற் போனதைத் தனியே எழுதி வருந்தினார். பாடுவோருக்குச் சட்டம் இடம் கொடுத்தது 1994இல். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்குக்கு வெளியே தம் பாடல் பயன்படும்போது கிடைக்கும் வருவாயிற் சரிபாதிப் பங்கை ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்ற திருத்தம் 2012இல் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்! அந்த இடைவெளியிலே எத்தனை கலைஞர் வெறுங்கையோடு மறைந்தார்களென்று யார் கணக்கிடுவார்?

நமது நாட்டுச் சட்டத்திலே, வணிகத்துக்கென வெளியிட்ட ஒலிப்பதிவை வானொலியில் ஒலிபரப்பினால், பாடியவருக்கும் தயாரித்தவருக்குமாக நியாயமான ஊதியம் கொடுக்கப்படவேண்டும் என்று எழுதியிருக்கின்றது. ஆனால் கேளாதவருக்குச் சட்டம் தானாக நடந்து வந்து கொடுப்பதில்லை.

இக்காலத்து நிலை

இன்று பாட்டு இணையத்தின் வழியே செல்லுகின்றது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னிரண்டு எழுத்திலக்கக் குறி உண்டு. யாருடைய பாட்டு எங்கே ஒலித்தது என்று கணக்கிட்டுப் பணத்தைச் சேர்ப்பிக்க அக்குறி உதவுகின்றது. குறியோடு தவறான பெயர் சேர்ந்தால் பணமும் தவறான இடத்துக்கே போகும். யூடியூப் போன்ற தளங்களிலே, பதிவுகளை ஒப்புநோக்கி உரிமை கோரும் பொறி வேலை செய்கின்றது. ஊர்ப் பிள்ளைகளின் பதிவை வேறொருவர் தமதென்று முந்திக் கொடுத்துவிட்டால், இயற்றியவரே தம் பாட்டை வெளியிட முடியாமல் தடைபட நேரும்.

ஆகவே, எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் ஐந்து வினாக்களை வினவுங்கள். இது அறுதி விற்பனையா, குத்தகையா? எந்தெந்த உரிமைகளைக் கொடுக்கின்றேன்? எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு? பணம் ஒருமுறை தானா, பங்கு உண்டா, கணக்கு எப்பொழுது காட்டப்படும்? என் பெயர் எங்கே இடப்படும்? இவ்வைந்துக்கும் தாளிலே விடை இல்லையாயின், பேனாவை மூடிவிடுங்கள். ஐயமிருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

நமது கடமை

இனி, பிறர் நமக்குச் செய்வதைப் பேசிய நாம், நாம் பிறருக்குச் செய்வதையும் பேசவேண்டும். திருவிழா நாட்களில் நாதஸ்வர வித்துவானும் தவில் வித்துவானும் இரவிரவாக வாசிக்கின்றார்கள். அதனைச் சுற்றி நின்று பதிவு செய்கின்றோம், இணையத்தில் இடுகின்றோம். படியிலே கோயிலின் பெயர் உண்டு, பதிவு செய்தவர் பெயர் உண்டு. வாசித்தவர் பெயர் பல இடங்களில் இல்லை. அன்று கொடுத்த சன்மானம் அன்றைய வாசிப்புக்கே உரியது. பதிவு செய்து பரப்புவதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அன்பினாலே செய்கின்றோம் என்பது சம்மதம் ஆகாது.

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றேன். நமது விழாக்களிற் பதிவு செய்யுமுன், எளிய தமிழில் ஒரு பக்கச் சம்மதப் பத்திரம் எழுதிக் கலைஞரிடம் கையெழுத்துப் பெறுவோம். வெளியிடும் ஒவ்வொரு பதிவிலும் இயற்றியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் அனைவரின் பெயரையும் இடுவோம்; வருவாய் வந்தால் பங்கு கொடுப்போம். ஆண்டுக்கொருமுறை சட்டத்தரணி ஒருவரை அழைத்து, இசை பயிலும் மாணவருக்கு ஒப்பந்தம் வாசிக்கக் கற்பிப்போம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் இருந்தாற் போதும்.

இளைய அன்பர்களே! குருவிடம் பாட்டைக் கற்கின்றீர்கள். அதனோடு பாட்டின் உரிமையையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பைப் பிறர் கையில் அறியாது கொடுத்துவிடாதீர்கள். பிறர் உழைப்பை அறிந்தும் அறியாதவர்போல் எடுத்துக்கொள்ளாதீர்கள். கற்பக்கிருகத்தின் முன் நின்று பாடுபவர் வயிறார உண்டு, பெயரோடு வாழ்ந்து, தம் பிள்ளைகளுக்கும் அக்கலையைக் கையளிக்கும் நிலை நமது ஊரிலே உண்டாகவேண்டும். அதற்கு இச்சங்கம் முன்னின்று உழைக்க எல்லாம்வல்ல இறைவன் அருள் புரிவானாக.