தறியும் கூடாரமும்

ஈரானின் சாக்ரோஸ் மலைத்தொடரிலே, துருக்கிய மொழி பேசும் கஷ்காய் மக்களும் ஈரானிய மொழி பேசும் பக்தியாரி மக்களும் கோடையில் மந்தைகளோடு மலையேறி, குளிர்காலத்தில் தாழ்நிலம் சேரும் மரபினர். கஷ்காய்ப் பெண்டிர் ஆட்டுமயிரை நூற்று, தரையில் கிடத்திய தறியில் கம்பளம் நெய்வர்; பெயரும்போது தறியையும் சுருட்டிச் செல்வர்.

கடையநல்லூரின் குழித்தறியோ மண்ணோடு பிணைந்தது. ஆதலால், நெசவு வாழ்வு நெருக்கியபோது நெசவாளர் தறியை விட்டே கடல் கடந்தனர். சிங்கப்பூரில் 1941இல் தோன்றிய கடையநல்லூர் முஸ்லிம் லீக் அப்பெயர்வுக்குச் சான்று.

தறி பெயராவிடினும் சொல் பெயரும். ‘சால்வை’, ‘ஜரிகை’ ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் நிலைத்தவையே. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்னும் தறிச் சொற்களோ நெய்வோர் குறையக் குறைய நாவிலிருந்து நழுவுகின்றன. பாவலர்களே, அவற்றை உங்கள் பாட்டில் ஏற்றுங்கள். பெயர்ந்தோரின் பிள்ளைகள் சுமந்து செல்லக்கூடிய தறி அதுவே.