கோழிக்கொள்ளையும் சங்கத்தின் கடமையும்



புறக்கடைக் கோழி வீட்டுப் பெண்மக்களின் கைமுதலாகும். அதனைச் சில தினங்களில் அழிக்கவல்லது வெள்ளைக்கழிச்சல். 1927-ஆம் வருஷத்தில் இமயச் சாரலிலுள்ள இராணிக்கேத்தில் காணப்பட்டமையால் அவ்வூர்ப் பெயரும் இதற்கு வழங்குகிறது. கண்டபின் தீர்க்கும் மருந்தில்லை. முன்னதாகத் தடுப்பு மருந்திடுவதே காப்பு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு; எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி.

ஒரு குப்பி மருந்து வழக்கமாக நூறு கோழிகளுக்கேனும் போதும். கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். ஐந்து கோழியுடையவர் தனியே வாங்கினால் எஞ்சியது வீணாகும். ஆதலின் புதுச்சேரியைச் சுற்றிய சங்கங்கள், கால்நடை மருந்தகத்தாரையோ குரும்பாபேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியாரையோ கலந்து, நாள் குறித்து, கூண்டு திறக்குமுன் விடியலிலேயே எல்லார் கோழிகளுக்கும் ஒருங்கே மருந்திடுவிக்க வேண்டும். நோயுற்றதைச் சந்தைக்கு அனுப்பலாகாது. இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க. ஒரு வீடு தவறினும் நோய் ஊரெங்கும் பரவும்.