எண்ணிக்கையாகிப் போன சிப்பாய்

நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு சாதாரணச் சிப்பாயைப் பற்றியும் அவர் வீட்டைப் பற்றியும் பேசப் போகிறேன். அவர் பெயரைக் கேட்காதீர்கள். அந்தப் பெயர் ஏன் நம் கையில் இல்லை என்பதுதான் பேச்சே. பழைய புத்தகங்கள் அவரை ‘அவன்’ என்றுதான் எழுதும். நான் ‘அவர்’ என்றே சொல்கிறேன்.

ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாமல் போன நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் திறந்தார்கள். அதன் சுவரில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிக்கு மட்டும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய், இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்று எண்ணாக நிற்கிறார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆசியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் சமமாக நினைவுகூரவில்லை, அதற்கு இனவாதமும் காரணம் என்று ஒப்புக்கொண்டது. பெயர் குறிக்கப்படாமலோ, நினைவே கூரப்படாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்பது அந்த அறிக்கையின் கணக்கு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஆற்றை ஒட்டி மேற்கே போனால் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952இல் அமைத்தது. புல்வெளி வெட்டி, அழகாக வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் உலகப் போருக்கும் தனியே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. இந்தியாவின் பல கண்டோன்மென்ட் கல்லறைகளில் கிடந்து, பராமரிக்க முடியாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கல்லறை என்று ஒன்று கிடைத்தவர்களின் பெயர்கள் அவை. சேரிச் சுடுகாட்டில் எரிந்தவருக்கும் புதைந்தவருக்கும் அந்தக் கல்லில் எப்படி இடம் கிடைக்கும்?

சரி, அவர் பட்டாளத்துக்கு எப்படிப் போனார்?

1780இல் சென்னைக் கோட்டையில் ‘பயனியர்’ என்று இரண்டு கம்பெனிகளைத் திரட்டினார்கள். பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற படையின் தொடக்கம் அது. படைக்கு முன்னால் போய்ப் பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் பள்ளம் தோண்டுவது இவர்கள் வேலை. மண்வெட்டியும் கடப்பாரையும் துப்பாக்கியும் ஒரே தோளில். இந்த வேலைக்குத் தமிழ்நாட்டுப் பறையர்கள் ஏராளமாக எடுக்கப்பட்டார்கள். இதில் நமக்கு ஒரு நெருடல் இருக்க வேண்டும். காலங்காலமாக மண்ணில் கைவைத்தவரையே சீருடை போட்டு மறுபடியும் மண்ணில் இறக்கியிருக்கிறார்கள். ஆனால் கிராமத்தில் அதே மண்வெட்டிக்குக் கிடைத்தது களத்துமேட்டுக் கூலி. இங்கே மாதம் பிறந்தால் காசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் ஒரு சிப்பாயின் சம்பளம் மாதம் 7 ரூபாய். 1895இல்தான் அது 9 ரூபாயானது. சம்பளம் சொற்பம்தான். ஆனால் எந்த மிராசுதாரும் அதில் கைவைக்க முடியாது.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற கவலை மேல்சாதிச் சிப்பாய்களுக்கு இருந்தது. 1824இல் பர்மாப் போருக்குப் புறப்படச் சொன்னபோது வங்காளத்தில் பாரக்பூரில் ஒரு படைப்பிரிவு மறுத்து நின்றது. அந்தக் கவலையும் அதற்குக் காரணங்களில் ஒன்று. அதே போருக்குச் சென்னைப் பட்டாளம் கப்பல் ஏறிற்று. எகிப்து, ஜாவா, சீனா, அபிசீனியா என்று நம் முன்னோர் போன இடங்களை அட்லஸை விரித்து வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஊர்த் தெருவில் நடக்கக் கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் இவர்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

வங்காளப் பட்டாளத்துக்காரர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போவார். சென்னைப் பட்டாளத்தில் குடும்பமும் கூடவே போகும். சிப்பாய் அணிவகுத்து நடந்தால், பின்னால் சட்டிபானையோடும் கைக்குழந்தையோடும் மனைவி, வயதான தாய், தம்பி, தங்கை. கண்டோன்மென்ட் ஓரத்து லைன்களில் இவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். பெங்களூர் அல்சூரிலும் செகந்திராபாத்திலும் நாக்பூருக்குப் பக்கத்திலுள்ள காம்ப்டியிலும் தமிழ் பேசும் நம் மக்கள் எப்படி வந்தார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தப் பெண்கள் நடந்து போன வழிதான் அது. படை நூல்களில் அவர்களுக்கு ஒரு சொல்தான்: ‘பின்தொடர்வோர்’. நான் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ஏழு ரூபாயில் ஒரு குடும்பத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் உயிரோடு வைத்திருந்தவர்கள் யாரையும் பின்தொடரவில்லை.

பிள்ளைகளுக்கும் பட்டாளத்தில் கணக்கு உண்டு. ‘ரெக்ரூட் பாய்ஸ்’, ‘பென்ஷன் பாய்ஸ்’ என்று சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே பதிவுசெய்து குறைந்த சம்பளம் கொடுத்தார்கள். தகப்பன் செத்தால் பையன் பேரில் வரும் அந்தச் சில்லறைதான் தாய்க்கு அடுப்பெரிய வழி. பையன் வளர்ந்ததும் துப்பாக்கி தூக்குவான். கருணை, ஆள்சேர்ப்பு இரண்டும் ஒரே ஏற்பாட்டில் முடிந்துவிட்டன. கம்பெனி கணக்கில் கெட்டிக்காரர்கள்.

சாப்பர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ‘குயின்ஸ் ஓன் சாப்பர்ஸ்’ என்ற படைப்பெயரைச் சுருக்கி ‘குவின்சாப்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பழைய சாதிப்பெயரைக் கழற்றிவிட்டு, படையின் பெயரையே சாதிப்பெயர்போலப் போட்டுக்கொண்டார்கள். வெள்ளை அதிகாரிகள் இதை ஒரு வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேடிக்கையில்லை. கைக்கு எட்டிய முதல் கௌரவமான சொல்லை ஒரு மனிதர் இறுக்கிப் பிடித்துக்கொண்டது அது. ஆனால் சாதியை விட்ட இடத்தில் இன்னொரு சாதியைக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது.

மராட்டியத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். பட்டாளப் பள்ளியில் தலைமையாசிரியர். அம்பேத்கர் பிறந்ததே மௌ கண்டோன்மென்டில். நம் எம்.சி. ராஜா 1883இல் பரங்கிமலையில், இன்னொரு கண்டோன்மென்டில் பிறந்தார். பெயரின் முதலெழுத்தில் மயிலை இருக்கிறது: மயிலை சின்னத்தம்பி ராஜா. அவர் தந்தை லாரன்ஸ் அசைலத்தில் மேலாளர். ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட நிறுவனம் அது. ஊர் மூடி வைத்த எழுத்து, கண்டோன்மென்ட் ஓரத்தில் கசிந்து கிடைத்திருக்கிறது.

பிறகு கதவைச் சாத்தினார்கள்.

1881இல் சென்னைப் படைக்குத் தளபதியாக வந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் இனிப் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார். 1885இல் அவரே இந்தியா முழுமைக்கும் தளபதியானார். ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்ற கோட்பாடு ஆட்சிக்கு வந்தது. சென்னைப் பட்டாளங்கள் பல கலைக்கப்பட்டன. சிலவற்றில் எண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார்கள். பத்தாவது சென்னைப் பட்டாளம் இருந்த இடத்தில் பத்தாவது கூர்க்கா வந்தது. பம்பாயில் மகர்களுக்கு 1890களின் தொடக்கத்தில் கதவு சாத்தப்பட்டது. காலத்தைக் கவனியுங்கள். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றிக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதியது 1891இல். அதையொட்டி நிலம் வழங்கும் ஆணை வந்தது 1892இல். ஒரு கை நிலம் தருவதாகச் சொன்ன அதே ஆண்டுகளில் இன்னொரு கை மாதச் சம்பளத்தைப் பிடுங்கியது.

1914இல் போர் வந்ததும் லாயக்கில்லாதவர்கள் மறுபடி லாயக்கானார்கள். சென்னை மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 92,000 பேர் போனார்கள். அதில் 41,000 பேர் சண்டையிடாத வேலைகளுக்கு. போர் முடிந்ததும் 1928க்குள் சென்னைக் காலாட்படை கலைக்கப்பட்டது. 1933இல் பயனியர் படைகளும் போயின. சாப்பர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அடுத்த போருக்கு மறுபடியும் சென்னைப் படைப்பிரிவு எழுப்பப்பட்டது. போர்க்குணம் ரத்தத்தில் இருக்கிறது என்றார்களே, இந்த ரத்தம் தேவைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியிருக்கிறது!

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்தபோது அம்பேத்கர் கேட்டவற்றில் ஒன்று இதுதான்: இராணுவம் எங்களுக்கு இன்று திறந்திருக்கிறதா? கேட்டவர் ஒரு சுபேதாரின் மகன்.

இதைச் சொல்வதால் பட்டாளத்தைக் கொண்டாடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் துப்பாக்கி பர்மியரையும் சீனரையும் நோக்கித் திரும்பியது. கொள்ளைக்காரனின் கூலியாளாக நம் முன்னோர் நின்றதை மறைத்து வரலாறு எழுத முடியாது. ஆனால் அவரை வெறும் கைக்கூலி என்று தள்ளுகிறவர்கள், அவருக்கு ஊரில் வேறு என்ன வேலை வைத்திருந்தார்கள் என்று சொல்லட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பல்லாவரத்திலும் சைதாப்பேட்டையிலும் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளிலும் ‘பட்டாளத்தார் வீடு’ என்று இன்றைக்கும் அடையாளம் சொல்லும் வீடுகள் இருக்கும். தகரப் பெட்டியின் அடியில் பதக்கமோ, பென்ஷன் புத்தகமோ, டிஸ்சார்ஜ் காகிதமோ கிடக்கலாம். போட்டோ எடுங்கள். வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது அந்த வீட்டுச் சொத்து. அந்தக் காகிதத்தில் அவர் படை எண், ஊர், சாதி, உயரம், உடம்பிலுள்ள தழும்பு எல்லாம் எழுதியிருக்கும். எழுதாமல் விட்டதை அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கூடவே நடந்து போன மனைவியின் பெயர், லைன் வீட்டில் பிறந்த பிள்ளைகளின் பெயர், வழியில் புதைத்துவிட்டு வந்த பிள்ளைகளின் பெயர்.